பதினேழு எண்களும் ஒரு துடக்கும்

சென்ற மாதம் ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணனின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். ஆபிரிக்காவில் தொடங்கி, பாரசீகத்தைத் தொட்டு, இந்தியக் கரையோரமாக இறங்கி, இலங்கையில் வந்து முடியும் ஒரு சிவப்பு அம்புக்குறி. ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினானாம், இது வந்ததாம். "மாமி, இதுதான் எங்கட ஆம்பிளை வழி. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே" என்று கீழே எழுதியிருந்தான்.

தெரியும் மகனே. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் பார்த்த வழிகளுக்கு இப்படி நீளமான அம்புக்குறி ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு வீட்டிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகும் தூரம்தான். அந்தத் தூரத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டிய பிறகு, ஆய்வுகூடத்தில் இருந்த இளம் பெண்கள் என்னைச் சுற்றி நின்று, "மிஸ், மறக்க ஏலாத ஒரு கேஸ் சொல்லுங்கோ" என்றார்கள். கேக் தின்னும் வாயோடு சொல்லக்கூடிய கதை அல்ல என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவர்களுக்கும் அந்த அம்புக்குறிக்காரனுக்கும் சேர்த்து.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்த வங்கியில் பதினொரு வருடம் இருந்து, இந்தியாவில் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, கொள்ளுப்பிட்டியில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்த அந்தத் தனியார் மரபணு ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் கெட்டித்தனம் என்றுதான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆய்வுகூடத்தின் தலைவி, நாங்கள் மேடம் என்போம், உண்மையைச் சொன்னார். "நீ பெண். அதுதான் முக்கியமான தகுதி."

விஷயம் இதுதான். ஆணுக்கு மட்டுமே உள்ள ஒரு மரபணு இழை இருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், அந்த மகனிடமிருந்து அவன் மகனுக்கு. மகளிடம் வராது. எலும்பிலிருந்து அதை எடுக்கும் மேசையில் ஓர் ஆண் நின்று ஒரு தும்மல் தும்மினால் போதும், செத்தவனின் எண்களுக்குப் பதிலாகத் தும்மியவனின் எண்கள் வந்து நிற்கும். அதனால் எலும்பு மேசைக்கு நானும் என்னோடு வேலை செய்த குசுமா அக்காவும் மட்டும்தான். வேலைத்தலத்தில் பெண்ணாய் இருப்பதற்காக எனக்கு ஒரு தனிச் சாவி கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

எண்கள் என்றேன். அந்த இழையில் சில இடங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்குப் பதினைந்து தடவை, இன்னொருவருக்குப் பதினாறு. அப்படிப் பதினேழு இடங்களை எண்ணுவோம். தகப்பனின் பதினேழும் மகனின் பதினேழும் ஒன்றாக இருக்கும். எப்போதாவது, பல தலைமுறைக்கு ஒருமுறை, பார்த்து எழுதுபவருக்குக் கை பிசகுவதுபோல ஓர் எண் மாறும்.

மேடம் சிங்களவர், காலி பக்கத்து ஆள். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பென்சில் வைத்திருப்பார். பேனாவால் எழுதினால் கோபம் வரும், கத்த மாட்டார், பேனாவை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். மேசையை நாங்கள் துடைத்த பிறகு தானும் ஒருமுறை துடைப்பார். உள்கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரியை பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் உலர்த்தி, கடித உறையில் இட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பம் வைக்க வேண்டும். கையொப்பம் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அந்த உறையைத் திருப்பித் தருவார், ஒரு வார்த்தை பேசாமல்.

எண்கள் வந்ததும் ஒரு சடங்கு இருந்தது. குசுமா அக்கா எலும்பின் எண்களைச் சிங்களத்தில் உரத்து வாசிப்பார். நான் உறவினரின் எண்களைத் தமிழில் வாசிப்பேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்பார். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மெஷின் அச்சடித்துத் தந்ததை எதற்கு வாயால் வாசிக்க வேண்டும்? "கண் தான் பார்க்க விரும்புவதைப் பார்க்கும், காதுக்கு அந்த ஆசை குறைவு" என்றார்.

அதைவிடப் பெரிய பைத்தியம் அவருடைய வசனம். பதினேழும் ஒத்துப்போனாலும் "இவர்தான்" என்று மேடம் எழுத மாட்டார். "இவர் அந்தத் தந்தைவழியைச் சேர்ந்தவர் இல்லை என்று சொல்ல முடியாது" என்றுதான் எழுதுவார். அறிக்கையில் மட்டுமல்ல, தாழ்வாரத்தில் காத்திருக்கும் சனங்களிடமும் நாங்கள் அதையேதான் சொல்ல வேண்டும். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மனமும் இளகியது. இரண்டும் சேர்ந்தால் ஆய்வுகூடத்துக்கு ஆகாது.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. வடக்கே பாதை மூடியிருந்தது. காலி வீதியில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்கள். பையன்கள் கடைக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. வெள்ளை வான் என்றார்கள். யாருடைய வான் என்று யாரும் சொல்லவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பில் எலும்புகள் அகப்பட்டு, நீதவான் உத்தரவோடு எங்களிடம் வந்தன. ஒரு தொடை எலும்பு, தாடையின் ஒரு பக்கம், அதில் மூன்று பல். கூடவே செல்வமலர் அக்கா வந்தார். வடமராட்சிக் கரையில் ஒரு சிறிய ஊர் அவருக்கு. கணவர் கடலோடு போனவர். ஒரே மகன் ரஜீவன், வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்குப் போன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தவன், ஏழு மாதமாகக் காணவில்லை. அக்கா லொட்ஜ் ஒன்றில் சமையலுக்கு உதவி செய்துகொண்டு அவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

தந்தைவழியைப் பார்க்க ஓர் ஆண் வேண்டும். கணவரின் தம்பி தவராசா, புறக்கோட்டை மீன் சந்தையில் வேலை செய்பவர், வந்தார். நகத்திடுக்கில் செதில் ஒட்டியிருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். படிவத்தில் "உறவு" என்ற இடத்தில் "தகப்பனின் உடன்பிறந்த தம்பி" என்று எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தொடை எலும்பு சதுப்பில் ஊறிக் கெட்டுப்போயிருந்தது. தாய் தகப்பன் இருவரையும் காட்டும் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. தந்தைவழி எண்கள் மட்டும் வந்தன. குசுமா அக்கா வாசித்தார், நான் வாசித்தேன், தாளை மாற்றி மறுபடியும் வாசித்தோம். பதினேழும் ஒன்று.

மேடம் தன் வசனத்தை எழுதினார். அதன் கீழே இன்னும் இரண்டு வரி. தாயின் மாதிரியையும் எடுத்துப் பல்லில் மேலும் சோதனை செய்ய வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகும். அதுவரை எலும்புகளைக் கையளிப்பதானால் தகனம் செய்யாமல் புதைப்பது நல்லது. என்னைப் பார்த்து, "இந்தக் கரையில் இந்த எண்கள் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நமக்குத் தெரியாது, ரெஜினா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனேன்.

தாழ்வாரத்து வாங்கில் செல்வமலர் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, அதற்குள் மகன் போட்ட ஒரு சேட். மணம் போய்விடும் என்று தோய்க்காமல் வைத்திருந்தார்.

"பிள்ளையோ தங்கச்சி? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் தாங்குவன். தெரியாமல் இருக்கிறதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

மேடத்தின் வசனம் என் வாய்க்குள்தான் இருந்தது. மனம் கேட்கவில்லை.

"ஓம் அக்கா. பிள்ளைதான்."

அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்தார். நான் ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிள்ளைதான் என்று சொன்ன பிறகு அறிக்கையின் கீழ் இரண்டு வரியை யார் பார்ப்பார்கள்? யார் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்? அவர்கள் சட்டத்தரணி பிடித்து, அலைந்து, எலும்புகளைப் பெற்றுக்கொண்டார்கள். புதைக்கவில்லை. கனத்தை மயானத்தில் தவராசா கொள்ளி வைத்தார். காடாத்தி, சாம்பலை வெள்ளவத்தைக் கடலில் கரைத்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர், புதைக்கிற ஆட்கள். "புதைப்பது நல்லது" என்ற அந்த வரி ஒரு சைவக் குடும்பத்திடம் எவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மூன்று பற்களில் ஒன்று மட்டும் மேடத்தின் பூட்டிய குளிர்பெட்டியில் இருந்தது. அவருடைய வழக்கம் அது, எதையும் முழுதாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். சிவபாதம், புனிதம். பாதை மூடியிருந்ததால் வடக்கிலிருந்து கப்பலுக்குப் பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுடைய மகன் கபிலன் வெளிநாடு போவதற்காகக் கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்தபோது காணாமல் போனவன். நீதிமன்றத்தில் யாரோ எங்கள் ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இனி எங்கேயாவது எலும்பு அகப்பட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாதிரி கொடுத்து வைக்க வந்திருந்தார்கள்.

சிவபாதத்தாருக்கு முகம் முழுக்க நரைத்த தாடி. உறையில் பெயர் எழுதிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டேன். "நேர்த்தியோ ஐயா, தாடி?"

"இல்லை மிஸ். துடக்கு."

"ஆர் செத்தது?"

"எங்கட பங்காளி வீட்டுப் பிள்ளை. செல்வமலரின்ர மோன் ரஜீவன். நீங்கதானாம் பாத்துச் சொன்னனீங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் எங்களுக்கும் துடக்கு."

பென்சில் கையில் அப்படியே நின்றது. துடக்கு என்றால் சாவுத் தீட்டு, சொந்தத்துக்குள் மட்டும் வருவது.

"நீங்க அவைக்கு என்ன முறை, ஐயா?"

"கிட்டின முறை இல்லை. எங்கட பூட்டன்ர பூட்டன் ஒராள்தான் அந்தக் கரையில தோணியில வந்து இறங்கினவராம். எங்கயிருந்து வந்தவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒழுங்கை முழுக்க அவற்ர ஆக்கள்தான். ஆம்பிளையளுக்கும், கட்டி வந்த பொம்பிளையளுக்கும், கட்டாத குமருகளுக்கும் துடக்கு. கட்டிக் குடுத்த பெட்டையளுக்கு அவையின்ர புருசன் வீட்டுத் துடக்கு."

மெஷினும் மருந்தும் வைத்து நாங்கள் தேடிக்கொண்டிருந்ததை அந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகளோடு நின்றுபோகும். யாருடைய சாவு யாரைத் தொடும் என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும். நான் கேட்காமல் விட்டதுதான். பிறகு தவராசாவிடம் இதைச் சொன்னபோது, "கபிலனும் காணேல்லை எண்டு எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும் மிஸ். நீங்க கேக்கேல்லையே" என்றார்.

சிவபாதத்தாரின் எண்கள் வந்த அன்று குசுமா அக்கா பழைய எலும்பின் தாளை வைத்துக்கொண்டார், நான் புதியதை. நான்காவது எண்ணிலேயே என் குரல் இறங்கிவிட்டது. பதினேழும் முடிந்ததும் குசுமா அக்கா என் தாளை எட்டிப் பார்த்தார். "ரெஜினா, பழைய தாளையே மறுபடி எடுத்துவிட்டாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். மேடம் கண்ணைத் திறந்தார். அன்றுதான் நான் தாழ்வாரத்தில் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்."

"ஓம் அக்கா, பிள்ளைதான்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"சிங்களத்தில் வேண்டாம். தமிழில், அவருக்குச் சொன்னபடி எழுது." லாச்சியைத் திறந்து, என்னிடம் எப்போதோ பறித்த பேனா ஒன்றை எடுத்துத் தந்தார். "இதைப் பென்சிலால் எழுதாதே."

எழுதினேன். அவர் அதைக் கோப்பில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அழுதிருக்கலாம். குளிர்பெட்டியைத் திறந்து அந்தப் பல்லை எடுத்தார். இரண்டு தாய்மாரின் மாதிரியும் வேண்டும் என்றார். செல்வமலர் அக்காவிடம், அறிக்கையில் கேட்டிருந்ததுதான் என்று மட்டும் சொல்லி எடுத்தோம்.

பல்லுக்குள் இருந்தது கெடவில்லை. தானே துளைத்து, தூளாக்கி, மூன்று முறை செய்தார். முழு எண்களும் வரவில்லை, ஆனால் வந்தவை போதும். தாய் தகப்பன் இருவரையும் காட்டும் இடங்களில் ஒன்றுகூட விலகாமல் புனிதம் அக்காவோடும் சிவபாதத்தாரோடும் ஒத்துப்போனது. செல்வமலர் அக்காவோடு ஆறு இடத்தில் ஒத்துப்போகவில்லை. முதல் தடவையாக மேடம் தன் வசனத்தை மாற்றி எழுதினார். செல்வமலர் இவருடைய தாய் இல்லை.

சிவபாதத்தாருக்கு மேடமே சொன்னார், நான் தமிழில் சொன்னேன். புனிதம் அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சிவபாதத்தார் அந்தியேட்டியோடு வழித்துவிட்ட தாடையைத் தடவினார்.

"கொள்ளி வைச்சது தவராசாதானே. எங்கட ஆள்தான். அதில பிழையில்லை" என்றார். பிறகு, "துடக்கும் நான் ஒழுங்காத்தான் காத்தனான் மிஸ். என்ர பிள்ளைக்குத்தான் காக்கிறன் எண்டு மட்டும் தெரியாமல் போச்சு."

அந்த மனிதர் என்னைத் திட்டியிருக்கலாம். புனிதம் அக்காவைக் கைகொடுத்து எழுப்பினார்.

"வெள்ளவத்தைக்கு நீ போக வேண்டும்" என்றார் மேடம். "நீ சொன்னது, நீதான் திருப்பி எடுக்க வேண்டும்." தானும் வந்தார், ஆனால் லொட்ஜின் படியோடு நின்றுகொண்டார்.

செல்வமலர் அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தியேட்டி முடிந்திருந்தது. அந்தச் சேட்டைத் தோய்த்து, யாரோ ஒரு பொடியனுக்குக் கொடுத்துவிட்டாராம், நான் கேட்காமலே சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு கபிலனுடையது. பிழை என்னுடையது. எழுதியிருந்ததற்கு மேலாக நான்தான் சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, கையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அவளின்ர பிள்ளைக்கே நான் அழுதனான்?" என்றார். "அழலாம். அதுவும் எங்கட பிள்ளைதான். என்ர கையால சோறு திண்டவன்." பிறகுதான் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் எதிர்பார்த்து வரவில்லை. திட்டுவார், அடிப்பார் என்று ஆயத்தமாகித்தான் வந்தேன்.

"அப்ப… என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டுறியளோ?"

ஓம் என்று சொல்ல என் மனம் துடித்தது. இல்லை, இனி எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்வதுதான் நல்லதோ என்றும் பட்டது. இரண்டும் எனக்குத் தெரியாத விஷயம். எனக்குத் தெரிந்தது ஒரே வசனம். அதுவரை கல்நெஞ்சு வசனம் என்று நான் வைத வசனம்.

"இல்லையெண்டு சொல்ல ஏலாது, அக்கா."

அவர் தலையை ஆட்டினார். சேட்டைக் கொடுத்துவிட்டோமே என்று சொல்லி அப்போதுதான் அழுதார். நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். மேடம் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை எங்கள் படிவத்தில் "உறவு" என்ற இடத்தின் கீழே இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன். உங்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் யார் யாருக்குத் துடக்கு? அவர்களில் வேறு யாரையாவது காணவில்லையா? கத்தோலிக்கரிடம் வேறு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது, சிங்களவரிடம் வேறு விதமாக. மேடம் அந்தத் தோணிக்காரரின் வழியைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வைத்தார். விருப்பத்தோடு மாதிரி தந்தவர்களை மட்டும் அதில் சேர்த்தோம். வருடங்கள் போகப் போக அது கிளைத்தது. ஓர் எண் மட்டும் மாறி என் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் இருந்தது. இரண்டு எண் மாறி நீர்கொழும்பில் ஒரு மீனவரிடம் இருந்தது. அவர் சிங்களவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. மேடம் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர்கள் ஒருவருக்கு ஒருவர் துடக்குக் காப்பதில்லை" என்றார்.

மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார். தவராசாவின் பதினேழு எண்களும், செல்வமலர் அக்காவின் மாதிரியும் இன்னும் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. எங்கிருந்து எலும்பு வந்தாலும் முதலில் அவற்றோடு வைத்துப் பாருங்கள் என்று இளம் பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உரத்து வாசியுங்கள் என்றும் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் வாசிக்கிறார்கள் என்று கேள்வி.

அக்கா இப்போது ஊரில். ரஜீவனைக் கொண்டுபோன மாதம் வந்தால் எனக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிப்பார், முழங்கால் நோ சொல்வார், மழை சொல்வார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார். இந்த வருடமும் கேட்டார்.

"தங்கச்சி, இப்பவும் அப்பிடித்தானோ?"

"ஓம் அக்கா. இல்லையெண்டு சொல்ல ஏலாது."

"சரி" என்று சொல்லி போனை வைத்தார்.